வலது கீழ் மூலை

எல்.இ.டி. திரைக்கு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான், வாடிக்கையாளரிடம் மட்டும் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பெரிய திரை என்பது ஒரே கண்ணாடி அல்ல. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த சதுரப் பலகைகள் நூற்றுக்கணக்கில் நெருக்கி ஒட்டியிருக்கும். அந்தச் சதுரத்துக்குப் பெயர் மாட்யூல். நடுவில் ஒரு மாட்யூல் செத்துப்போய், மாற்றுவதற்குக் கையில் வேறு இல்லையென்றால் என்ன செய்வார்கள்? வலது பக்கம் கீழ் மூலையில் நன்றாக இருப்பதைப் பிடுங்கி நடுவில் போடுவார்கள். செத்ததை மூலையில் மாட்டிவிடுவார்கள். பேசுகிறவர் முகம் நடுவில் வரும், மாலை மரியாதையெல்லாம் நடுவில் நடக்கும். மூலையை யார் பார்க்கப் போகிறார்கள்? மதுரை கோரிப்பாளையத்துக் கடைத்தெருவிலும் சரி, கல்யாண மண்டபத்திலும் சரி, இதுதான் நடைமுறை.

சரண்யாதேவியும் அந்தப் புதன்கிழமை இதைத்தான் செய்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சோழவந்தான் பக்கமிருந்து தினமும் ஸ்கூட்டியில் விளாங்குடிக்கு வந்து போகிறாள். அங்கே அழகுராஜாவின் சர்வீஸ் கடையில் ஒன்பது வருட வேலை. சேர்ந்த புதிதில், "ஏணியில பொம்பளப் பிள்ளையா?" என்று சிரித்த மண்டபத்துக்காரர்கள் இப்போது போன் போட்டு, "அந்தப் பிள்ளையவே அனுப்பி விடுங்க" என்கிறார்கள். இருபதடி தள்ளி நின்றே எந்த மாட்யூலில் பச்சை மங்குகிறது என்று சொல்லிவிடுவாள். ஆனால் திரையில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். ஒரு கல்யாணத்தில் மூன்று மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தவளிடம், பொண்ணு எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "நாலாவது வரிசையில ஒரு கோடு விழுந்துச்சும்மா, சரி பண்ணிட்டேன்" என்று பதில் சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

புதன்கிழமை அவள் போனது திண்டுக்கல் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரிக்கு. கலையரங்கத்து மேடையில் பதினாறடி அகலம், ஒன்பதடி உயரத்தில் ஒரு திரை. ஆறு வருடத்துத் திரை, அழகுராஜாவின் கடைதான் வருடாந்திரப் பராமரிப்பு. சனிக்கிழமை பட்டமளிப்பு விழா என்பதால் முன்கூட்டியே ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்லியிருந்தார்கள். போட்டுப் பார்த்தால், முந்நூற்றைம்பது மாட்யூலில் ஏழு போயிருந்தன. இரண்டு சுத்தமாகக் கறுப்பு. மூன்றில் பச்சை செத்துவிட்டது. மீதி இரண்டில் கோடு கோடாகத் துடிப்பு. எல்லாம் நடுவிலும் மேலேயும் சிதறிக் கிடந்தன. கையிருப்பில் இருந்த மாட்யூல்கள் போன வருடமே தீர்ந்துபோயின. இந்த ரகம் இப்போது வருவதும் இல்லை. புதுசு வாங்கிப் போட்டால் நிறம் ஒட்டாது, பழைய வேட்டியில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் துருத்தும்.

ஏழையும் பிடுங்கி வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். மூலையிலிருந்த நல்லவை ஏழும் நடுவுக்கும் மேலேயும் வந்தன. காலி மேடையில் நின்று வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். நடுத்திரை பளிங்கு மாதிரி இருந்தது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'திரை நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது கை ஒன்றும் கூசவில்லை. ஒன்பது வருடமாக எழுதுகிற வரிதானே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, விழா முடியும்வரை உடனிருப்பதற்காக மறுபடி வந்தாள். பத்தரைக்கு விழா. மேடையில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அரங்கத்தின் பக்கவாட்டுச் சுவரோரம், நடுவாக்கில் மேசை போட்டு, திரையில் என்ன காட்டுவது என்பதைக் கவனிக்க அருண்பாண்டி உட்கார்ந்திருந்தான். அவனும் அழகுராஜா கடை ஆள்தான்.

"அக்கா, இந்தா பாருங்க, காலேஜ்ல இருந்து கொடுத்த டிசைனு" என்று அவன் ஒரு பொத்தானைத் தட்டினான்.

திரையில் நடுவே மேடைக் காட்சி பெரிதாக வந்தது. இடது கீழ் மூலையில் கல்லூரியைத் தொடங்கிய பெரியவரின் படமும் சின்னமும். வலது கீழ் மூலையில், ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி, ஒரு நீலச் சதுரம்.

"அது என்னாடா வலது பக்கம்?"

"சைகை மொழிக்காரம்மாக்கா. மேடையில பேசுறத அவங்க கையால சொல்லுவாங்களாம். காது கேக்காதவங்க வாராங்களாம். முந்தாநேத்துதான் ஃபைல அனுப்புனாய்ங்க."

நீலச் சதுரத்தில் ஒரு பெண் வந்து நின்றார். மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீஜா. மேடைக்குப் பக்கத்து அறையில் நீலத் திரைச்சீலை கட்டி, அவருக்கென்று தனியாக ஒரு கேமரா வைத்திருந்தார்கள். கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். சரண்யாதேவி வைத்த ஏழு மாட்யூலும் சரியாக அவர் மேல் உட்கார்ந்திருந்தன. நெற்றியும் இடது கண்ணும் கறுப்பில் போய்விட்டன. கன்னம் ரோஸ் பவுடரை அப்பியது போலிருந்தது. இடது கையை மடக்கினால் காணாமல் போனது, நீட்டினால் துடித்தது.

சரண்யாதேவி இரண்டடி முன்னால் போய், ஏழையும் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அந்த இடம் மட்டும் ஏங்க்கா அப்படி இருக்கு?"

கேட்டது பின்னால் நின்ற ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும், கையில் மடித்த அங்கி. பெயர் மைத்ரேயி என்றும், மாணவர்கள் சார்பாக இன்றைக்குப் பேசப்போவது தான்தான் என்றும் சொன்னாள்.

"பழைய ஸ்கிரீன்ம்மா. மூலையில கொஞ்சம் போயிருச்சு" என்றாள் சரண்யாதேவி. என்னமோ அதுவாக நடந்துபோய் மூலையில் உட்கார்ந்துகொண்ட மாதிரி. சொன்னதும் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

மைத்ரேயி மாடியைக் கைகாட்டினாள். "அப்பாவும் அம்மாவும் வராங்கக்கா. ரெண்டு பேருக்கும் பிறவியிலேர்ந்தே காது கேக்காது. அப்பா தபால் பிரிக்கிற ஆபீஸ்ல இருக்கார், அம்மா தையல். பெத்தவங்களுக்கெல்லாம் மாடியில இடம் போட்டிருக்காங்க. அங்கேருந்து மேடையில நிக்கிற ஆள் கட்டைவிரல் அளவுதான் தெரியும். அதான் இந்த ஸ்கிரீன்ல போடணும்னு ஆறு மாசமா ஆபீசுக்கு நடந்தேன்."

"ஒரு கை நல்லாத் தெரியுதுல்லம்மா, அத வச்சுப் புரியாதா?"

"முகமும் வேணும்க்கா." மைத்ரேயி விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். "இது, சாப்பிட்டாச்சு." அதே விரல், அதே வாய், புருவம் மட்டும் மேலே ஏறியது. "இது, சாப்பிட்டியா. கை ஒண்ணுதான். கேள்வி புருவத்துல இருக்கு."

ஸ்ரீஜாவின் புருவம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம் இருந்தது.

"அப்ப நீயே பேசிக்கிட்டே கையாலயும் சொல்லிறலாமே?"

"ஆறு வயசுலேர்ந்து அதைத்தான் பண்றேன். பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாண வீடு, எங்க போனாலும் ரெண்டு பேருக்கும் நான்தான் காது, நான்தான் வாய். இன்னிக்கு ஒரு நாள் நான் பாட்டுக்குப் பேசணும், அவங்க பாட்டுக்குப் பார்க்கணும். அவ்வளவுதான்க்கா." அங்கியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பரவாயில்லக்கா. முடிஞ்ச அளவு பாருங்க."

அவள் கத்தியிருந்தால் சரண்யாதேவியும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனதுதான் முள்ளாகத் தைத்தது.

"தம்பி, அந்தக் கட்டத்தத் தூக்கி இடது பக்கம் போடேன்."

"இடது பக்கம் பெரிய ஐயா போட்டோ இருக்குக்கா. அவரத் தூக்கி இந்த ஓட்டைக்குள்ள போட்டம்னா, நம்மளத் தூக்கி ரோட்டுல போட்டுருவாய்ங்க."

"மேல ஏத்து."

"மேல ஏத்துனா பேசுறவங்க மூஞ்சிய மறைக்கும். நடுவுல கீழ போடலாம்னா மேடையில போடுற சேர் மறைக்கும். நானும் எல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன்க்கா."

அழகுராஜாவுக்குப் போன் போட்டாள். அவர் கோரிப்பாளையத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். வெளித்திரை ஒன்றில் மழைத்தண்ணீர் புகுந்து பாதி அணைந்துவிட்டதாம். கீழே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"எந்த மூலை? நம்ம வழக்கமா வைக்கிற மூலையா? அத எவன் தாயி பாக்கப் போறான். ரெண்டு பூந்தொட்டியத் தூக்கி முன்னாடி வையி."

"அதுலதாண்ணே சைகை மொழி வருது. காது கேக்காதவங்க பாக்கணும்."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேருண்ணே."

அழகுராஜா நிதானமாகச் சொன்னார். "இங்க பாரு சரண்யா. திங்கக்கிழமை பராமரிப்பு ஒப்பந்தம் திரும்பக் கையெழுத்தாகணும். தாளாளரு முன்வரிசையில உக்காந்திருப்பாரு. நடுவுல ஒரு புள்ளி சாகக் கூடாது. மூலையப் பத்தி அப்பறம் பேசிக்கிருவோம்." போனை வைத்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு ஏணி ஏறச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மூலையில் ஆள் இருக்கலாம் என்று அவருக்கும் யாரும் சொன்னதில்லை.

சரண்யாதேவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் போன போக்கில் மாடிப்படி ஏறினாள். பெற்றோருக்கான வரிசைகள் காலியாகக் கிடந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, ஒன்பது வருடத்தில் எந்த அரங்கத்திலும் பார்க்க வந்தவர்களின் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் திரைக்குப் பக்கத்தில் நிற்பாள், இல்லாவிட்டால் ஏணியில் நிற்பாள். இங்கிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிய திரையே ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருந்தது. வலது மூலைச் சதுரம் ஒரு தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டிக்குள்தான் இரண்டு பேருக்கு முழு விழாவும் வரவேண்டும்.

கீழே மேடையில் விழா நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டார்கள். உயரமான முதுகுவைத்த, சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் ஐந்து. திரைக்கு முன்னால் நெருக்கமாக, நட்டநடுவில். ஒவ்வொன்றாகப் போடப் போட, திரையின் அடிவரிசை நடுவில் மறைந்துகொண்டே வந்தது. சரண்யாதேவி எழுந்து நின்றாள். திரும்ப உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த நாற்காலிக்கு மாறிப் பார்த்தாள். எங்கிருந்து பார்த்தாலும் நடுநாற்காலிகளுக்குப் பின்னால் அடிவரிசை மாட்யூல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

யாரும் பார்க்காத இடம் மூலை இல்லை, இதோ நடுவில் இருக்கிறது. அவள் எந்நேரமும் காலி மேடையில் வேலை பார்த்தவள். அவள் கழற்றி மாட்டுகிற நேரத்தில் திரைக்கு முன்னால் நாற்காலி கிடந்ததே கிடையாது. ஒன்பது வருட அனுபவக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது.

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். மேடைப் பொறுப்பு உடற்கல்வி ஆசிரியர் தங்கப்பாண்டியிடம். விசில் இல்லாமலேயே விசில் சத்தத்தில் பேசுகிறவர்.

"சார், இந்தச் சேருக விழா முடியிற வரைக்கும் இங்கதான இருக்கும்?"

"எப்படிம்மா இருக்கும்? பேச்சு முடிஞ்சதும் அம்புட்டையும் ஓரமா எடுத்துருவோம்ல. நடுவுல நின்னுதான சீஃப் கெஸ்ட் மெடல் கொடுப்பாரு. போட்டோ எடுக்கணுமே."

அவ்வளவுதான். செத்ததை அடிவரிசை நடுவில் மாட்டினால், மைத்ரேயி பேசும்வரை நாற்காலி மறைக்கும். அதற்குப் பிறகு செத்த ஏழும் சிறப்பு விருந்தினரின் முழங்காலுக்குப் பின்னால், தாளாளரின் கண்ணெதிரே, வரிசையாகப் பல்லைக் காட்டும். ஒவ்வொரு போட்டோவிலும் விழும். ஓடிக்கொண்டிருக்கிற விழாவின் நடுவில் மின்சாரத்தை நிறுத்தி மாற்றிப் போடவும் முடியாது.

சரண்யாதேவிக்குப் பயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு அவள் சம்பளம் முக்கியம், இந்த வேலை அவளுக்குப் பிடிக்கும், இந்த வேலையை விட்டால் மதுரையில் ஏணி ஏறும் பெண்ணை எவன் கூப்பிடப் போகிறான். அதையெல்லாம் நினைத்துக்கொண்டே மாட்யூலைக் கழற்றும் காந்தக் கைப்பிடியைப் பையிலிருந்து எடுத்துவிட்டாள். மணி எட்டு ஐம்பது.

"தம்பி, பவர ஆஃப் பண்ணு."

"அக்கா, வேணாம்க்கா. மெடல் நேரத்துல நாறிரும். அண்ணே கொன்னே போட்ருவாரு."

"ஆஃப் பண்ணு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

அருண்பாண்டி அவளை ஒருமாதிரி பார்த்தான். பிறகு ஆஃப் செய்துவிட்டு, அவனே மேசையை விட்டு எழுந்து மேடைக்கு வந்தான். "நீங்க கழட்டுங்க, நான் வாங்கி வைக்கிறேன். எப்படியும் ரெண்டு பேரையும் சேத்துத்தான் திட்டுவாரு."

காந்தத்தை மாட்யூலின் முகத்தில் வைத்து இழுத்தால் 'டக்'கென்று கையோடு வரும். பின்னால் மெல்லிய ரிப்பன் கேபிளும் மின்சார ஒயரும் தொங்கும். அவற்றைப் பிடுங்கி, நாற்காலிக்குப் பின்னால் அடிவரிசையில் இருக்கும் நல்லதைக் கழற்றி, இதை அங்கே, அதை இங்கே. சொல்வதற்குச் சுலபம். அடிவரிசை மேடைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தது. வெல்வெட் நாற்காலிக்கும் திரைக்கும் நடுவே மண்டியிட்டு, பூ அலங்காரக்காரர்கள் உதிர்த்த சாமந்தி முழங்காலில் நசுங்க, ஒவ்வொன்றாக மாட்டினாள். தங்கப்பாண்டி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். பத்து மணிக்குள் திரை எரியவேண்டும் என்றார். எரியும் சார் என்றாள்.

ஒன்பதே முக்காலுக்கு ஏழும் இடம் மாறிவிட்டன. மின்சாரம் கொடுத்ததும் மூலையில் ஒரு சதுரம் மட்டும் பச்சைக் கோடாகத் துடித்தது. நல்ல மாட்யூலாயிற்றே, போகிற வழியில் செத்துவிட்டதா? திரும்ப அணைத்து, கழற்றிப் பார்த்தால், ரிப்பன் கேபிள் ஒரு பக்கம் அரைகுறையாக உட்கார்ந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். கோடு போய்விட்டது.

நீலச் சதுரத்தில் ஸ்ரீஜா முழுசாக வந்து நின்றார். நெற்றி, இரண்டு கண், இரண்டு கை. யாரோ அவரிடம் அந்த அறையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும், புருவத்தை உயர்த்தினார். இரண்டு புருவமும் உயர்ந்தன.

பத்து மணிக்குக் கூட்டம் நிறைந்தது. சரண்யாதேவி அருண்பாண்டியின் மேசைக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றாள். அங்கிருந்து மாடியின் மூன்று வரிசை தெரிந்தது. இரண்டாவது வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்துவரை பொத்தானுமாக ஒருவர், பக்கத்தில் மாம்பழக்கலர் பட்டில் ஒரு அம்மாள். சுற்றிலும் எல்லோரும் வாயால் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். மைத்ரேயியின் அப்பா ஹாலாஸ்யம், அம்மா ஸ்யாமளா. மைத்ரேயி மேடைக்குப் போகும் வழியில் பெயரைச் சொல்லி, விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தாள். மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு, சரண்யாதேவியின் கையை அழுத்திவிட்டும் போயிருந்தாள்.

வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்புரை எல்லாம் முடிந்து மைத்ரேயி மைக் முன்னால் வந்தாள். இங்கிலீஷில் தொடங்கி இரண்டே வரியில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"மூணாம் கிளாஸ்ல எங்க மிஸ் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு வகுப்புல வாயே மூடறதில்லன்னு சொன்னாங்க. எங்கப்பா அம்மாவுக்குக் காது கேக்காது. மிஸ் சொன்னதை அவங்களுக்குச் சைகையில சொல்ல வேண்டியது நான்தான். உங்க பொண்ணு ரொம்ப நல்லாப் பேசறான்னு மிஸ் பாராட்டறாங்கன்னு சொல்லிட்டேன்."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. சரண்யாதேவி மாடியைப் பார்த்தாள். ஹாலாஸ்யமும் ஸ்யாமளாவும் இமைக்காமல் மூலைச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே சிரிப்பு அடங்கிவிட்டது. ஸ்ரீஜாவின் கை சொல்லி முடித்தது. அப்போதுதான் மாடியிலிருந்து தனியாக, சத்தமாக, இரண்டு பேர் சிரித்தார்கள். மொத்த அரங்கமும் திரும்பிப் பார்த்தது. ஹாலாஸ்யம் மேடையைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார், இரு, வீட்டுக்கு வா என்பதுபோல.

அது என்னவென்று புரிந்ததும் கீழே இருந்தவர்கள் இன்னொரு முறை சிரித்தார்கள்.

"ஏழாவதுல கணக்கு மார்க்குக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு," என்றாள் மைத்ரேயி. "பன்னண்டு வருஷம் என்னைப் பத்தி நல்லதா மட்டும் சொன்னது டீச்சர் இல்லப்பா, நான்தான். மன்னிச்சிருங்க. இன்னிக்கு வேற ஒருத்தங்க சொல்றாங்க, அதனால மாத்திச் சொல்ல வழியில்ல." மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா நீங்க கேட்டதை நான் ஒருதடவைகூட மாத்தினதில்ல. எங்கப்பா எந்த டீச்சர்கிட்டயும் மார்க் கேக்கமாட்டார். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார். இங்க இவ சந்தோஷமா இருக்காளா? நான் அதை அப்படியே சொல்வேன். டீச்சருங்க சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. யாருமே பதில் சொன்னதில்ல. இன்னிக்கு நானே சொல்றேன்ப்பா. இருந்தேன். இருக்கேன்."

ஸ்ரீஜாவின் கைகள் மெதுவாக அதைச் சொல்லி முடித்தன. மாடியில் ஹாலாஸ்யம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்து ஆட்டினார். அதுதான் அவர்களுடைய கைதட்டல் என்று யாரோ சொன்னார்கள். ஸ்யாமளா கையைத் தூக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைப்பதும், மூலையைப் பார்ப்பதும், திரும்பத் துடைப்பதுமாக இருந்தார். ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது என்று அவருக்கு.

சரண்யாதேவி அழுதுகொண்டிருந்தாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, திரையில் என்ன ஓடியது என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியும்.

பிறகு நாற்காலிகளை ஓரமாக எடுத்தார்கள்.

அடிவரிசையில் ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. கறுப்பு, ரோஸ், ரோஸ், துடிப்பு, கறுப்பு, ரோஸ், துடிப்பு. சிறப்பு விருந்தினர் அதற்கு முன்னால் நின்று மெடல் கொடுத்தார். கேமரா மின்னியது. முன்வரிசையில் தாளாளர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு நிமிடத்தில் கல்லூரி மேலாளர் விருமாண்டி வேர்த்து விறுவிறுக்க மேசைக்கு வந்தார்.

"என்னம்மா இது? புதன்கிழமை நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துருக்க?"

"புதன்கிழமையே ஏழு போயிருந்துச்சு சார். மூலையில மறைச்சு வச்சுட்டு அப்படி எழுதிட்டேன். தப்பு என் மேலதான். இந்த ரகம் இனிமே கிடைக்காது. நடுவுல இருக்கிற பழசப் பூராம் ஓரத்துக்குத் தள்ளிட்டு, நடுவுக்கு மொத்தமாப் புதுசு போட்டாத்தான் சரியா வரும்."

அவர் இப்படியொரு பதிலை எதிர்பார்க்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுத்தில் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மறைவதற்குள் போன் அடித்தது. அழகுராஜா. யாரோ போட்டோ அனுப்பிவிட்டார்கள்.

"மூலையில இருந்தத எதுக்குத் தாயி நடுவுல கொண்டாந்து வச்ச?" கத்தவில்லை, அழாத குறையாகக் கேட்டார்.

"மூலையில ஆளு இருந்தாங்கண்ணே."

"திங்கக்கிழமை நீயும் என்கூட வா. தாளாளருகிட்ட நீயே பேசு" என்றார். வேலை இருக்கிறதா போயிற்றா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவளும் கேட்கவில்லை.

விழா முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தது. சரண்யாதேவி ஏணியைச் சாத்திவிட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தோளில் யாரோ தட்டினார்கள். மாம்பழக்கலர் பட்டு. மொழிபெயர்க்க மைத்ரேயி பக்கத்தில் இல்லை, தூரத்தில் தோழிகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்யாமளா சரண்யாதேவியின் முழங்காலில் ஒட்டியிருந்த சாமந்தி இதழைக் குனிந்து தட்டிவிட்டார். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். புருவம் மேலே ஏறியிருந்தது.

கேள்விதான்.

இல்லை என்று சரண்யாதேவி தலையாட்டினாள். ஸ்யாமளா அவள் கையிலிருந்த ஒயரை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனார்.